918 ஸ்பைடர் பேட்டரிக் கணக்கு உதைக்கிறது – எங்கே இடிக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

நேர்கோடு:

வணக்கம் நண்பர்களே. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான போர்ஷே 918 ஸ்பைடர், 2013 செப்டம்பரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 57 வினாடியில் முடித்தது. ஓட்டியவர் மார்க் லீப். அந்தச் சுற்றை எக்செல் தாளில் போட்டுப் பார்க்கிறேன். பாதையை நேர்ப்பகுதி, பிரேக், வளைவு என்று துண்டு துண்டாகப் பிரித்தாயிற்று. நேரம் ஓரளவு ஒத்து வருகிறது. பேட்டரிதான் படுத்துகிறது.

வைத்திருக்கும் எண்கள்: 4.6 லிட்டர் வி8 எஞ்சின் 447 கிலோவாட் (608 குதிரைசக்தி). பின்பக்க மோட்டார் 115, முன்பக்க மோட்டார் 95 கிலோவாட். பேட்டரி 6.8 கிலோவாட் மணி. ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபடும் இடமெல்லாம் இரண்டு மோட்டாரும் முழு சக்தி தரும் என்று எழுதியிருக்கிறேன். 210 கிலோவாட் வீதம் இழுத்தால் 6.8 கிலோவாட் மணி 117 வினாடிக்குத்தான் வரும். சுற்றோ 417 வினாடி. பாதி வழிக்கு முன்பே பேட்டரி காலி.

சரி, பிரேக்கில் திரும்பக் கிடைப்பதைச் சேர்க்கலாம் என்று, வேகம் குறையும்போது காரின் இயக்க ஆற்றல் எவ்வளவு குறைகிறதோ அதை அப்படியே பேட்டரிக்கு வரவு வைத்தேன். இப்போது தலைகீழ். சுற்று முடியும்போது, தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம் இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டுமே நடக்க முடியாத விஷயம். எதை மாற்ற வேண்டும்?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்: 608, 156, 129 குதிரைசக்திகளைக் கூட்டினால் 893 வருகிறது. நிறுவனம் சொல்லும் மொத்தம் 887. மீதி 6 எங்கே போனது?

வேகமானி:

சின்னதை முதலில் முடித்துவிடலாம். எஞ்சின் தன் உச்சத்தை நிமிடத்துக்கு 8,700 சுழற்சியில் தொடுகிறது. மோட்டார்களின் உச்சமும் சரியாக அதே நொடியில், அதே வேகத்தில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையைவிட மொத்த உச்சம் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. உங்கள் தாளில் 652 கிலோவாட் என்று ஒரு மேல்வரம்பு வைத்துவிடுங்கள், போதும்.

பெரிய விஷயம் பிரேக். நீங்கள் ஆற்றலை மட்டும் பார்க்கிறீர்கள், அது எவ்வளவு நேரத்தில் வந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் தரும்போது 210 கிலோவாட் என்றால், வாங்கும்போதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு பெரிய பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 250-இலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்குகிறது. ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,700 கிலோ என்று வைத்தால், போகும் ஆற்றல் சுமார் 3.4 மெகாஜூல். 1.2 ஜி அளவுக்கு (அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1.2 மடங்கு) பிரேக் பிடித்தால் இது மூன்றரை வினாடியில் முடிந்துவிடும். மூன்றரை வினாடியில் 210 கிலோவாட் வாங்கக்கூடியது 0.74 மெகாஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் செராமிக் பிரேக் வட்டில் சூடாகப் போய்விடுகிறது. நீங்கள் அந்த ஐந்து பங்கையும் பேட்டரியில் போட்டதால்தான் நிரம்பி வழிகிறது.

இதை இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். 918-இல் மோட்டார்கள் மட்டுமே 0.5 ஜி வரை காரை நிறுத்தும் என்பது போர்ஷே சொல்லும் அளவு. 210 கிலோவாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 0.5 ஜி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் கிடைக்கும். 250-இல் அதே மோட்டார்களால் 0.18 ஜிதான் முடியும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது பிரேக் அழுத்துவது பெரும்பாலும் மின்சாரமாகத் திரும்புகிறது. பந்தயப் பாதையில் அப்படி நடக்காது.

நேர்கோடு:

வேகமானி அண்ணா, மிக்க நன்றி. பிரேக் வரியில் 210 கிலோவாட் வரம்பு போட்டதும் நிரம்பி வழிவது நின்றுவிட்டது. ஆனால் சுற்று முடியும் முன்பே பேட்டரி இன்னும் தரைதட்டுகிறது. போகும் வழியில் பிரேக்கைத் தவிர வேறு எங்கிருந்து மின்சாரம் வருகிறது?

எட்டு சிலிண்டர்:

எஞ்சினிலிருந்து! இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். பின்பக்க மோட்டார் எஞ்சினுக்கும் பிடிகே எனப்படும் 7 கியர் இரட்டை கிளட்ச் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அது எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றில்லை. தேவைப்பட்டால் எஞ்சினின் சக்தியை உறிஞ்சி மின்சாரமாக்கும்.

நீளமான வளைவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர் பாதிதான் மிதிபட்டிருக்கிறது. சக்கரங்களுக்கு 250 கிலோவாட் போதும், எஞ்சினோ 350 தரத் தயாராக இருக்கிறது. அந்த 100 கிலோவாட் பேட்டரிக்குப் போகும். அப்படிப் பத்து வினாடி போனால் 1 மெகாஜூல். அந்த ஒரு பெரிய பிரேக்கில் கிடைத்ததைவிட இது அதிகம். இழப்பு போக, நேர்ப்பகுதியில் நான்கு வினாடிக்கு முழு மின்தள்ளுதல் கிடைத்துவிடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், பந்தயப் பாதையில் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

காரின் ஓட்டும் முறைகளும் இந்த வரவுசெலவின் அடிப்படையில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ரேஸ் ஹைபிரிட் முறையில் மோட்டார்கள் குறுகிய நேரத்துக்கு உச்ச வரம்பு வரை போகும், அதை ஈடுகட்ட எஞ்சின் பேட்டரியைத் தீவிரமாக நிரப்பும். ஹாட் லேப் பொத்தான் வேறு விஷயம். அது ரேஸ் முறையில் மட்டுமே வேலை செய்யும். சில வேகமான சுற்றுகளுக்காகப் பேட்டரியில் கடைசியாக வைத்திருக்கும் இருப்பையும் திறந்துவிடும். உங்கள் தாளில் எந்த முறை என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் போடுங்கள். ரேஸ் முறையில் சுற்றின் முடிவில் இருப்பு தொடக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஹாட் லேப்பில் குறைந்துகொண்டே போகலாம்.

செலவுப் பக்கத்திலும் இரண்டு திருத்தம் தேவை. ஒன்று, முன்பக்க மோட்டார் ஒரே கியர் விகிதத்தில் ஓடுவது. வேகம் மிக அதிகமானால் அது அளவுக்கு மீறிச் சுழலக் கூடாது என்பதற்காகக் கழற்றிவிடப்படும். மிக நீண்ட நேர்ப்பகுதியின் கடைசியில் 95 கிலோவாட் உங்கள் கணக்கில் இருக்கக் கூடாது. இரண்டு, வளைவிலிருந்து வெளியே வரும் இடம். 652 கிலோவாட்டையும் 80 கிலோமீட்டர் வேகத்தில் எந்த டயரும் தாங்காது. 1,700 கிலோ எடைக்கு 1.2 ஜி பிடிப்பு என்று வைத்தால், 115 கிலோமீட்டருக்குக் கீழே முழு சக்தியைத் தரையில் இறக்கவே முடியாது. அங்கே நீங்கள் பேட்டரியிலிருந்து எடுப்பதாக எழுதிய கிலோவாட் பாதி வெறும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதே இடத்தில் முன்பக்க மோட்டாரின் மதிப்பு அதிகம். பின்டயர்கள் எல்லையில் நிற்கும்போது முன்டயர்களில் பிடிப்பு மிச்சம் இருக்கும், அதை எஞ்சினால் தொட முடியாது, மோட்டாரால் முடியும். போர்ஷே இதைப் பந்தயத்தில்தான் முதலில் பார்த்தது: 2010-இன் 911 ஜிடி3 ஆர் ஹைபிரிட் காரில் முன்சக்கரங்களுக்குத் தலா 60 கிலோவாட் மோட்டார். பேட்டரிக்குப் பதில் சுழல்சக்கரத்தில் ஆற்றலைச் சேமித்தது. ஒருமுறைக்கு ஆறு முதல் எட்டு வினாடி உதவி.

குளிர்காற்று:

சூட்டையும் மறக்காதீர்கள். பேட்டரியில் 312 செல்கள், அவற்றுக்குத் தனியாகத் திரவக் குளிரூட்டல். எஞ்சினுக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு புகைக்குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. புகை, எஞ்சின் சிலிண்டர் வரிசைகளின் வி வடிவத்துக்கு உள்பக்கத்திலிருந்து நேரே மேலே போய்விடுவதால் சூடு கீழே சுற்றிக்கொண்டிருக்காது, பேட்டரி பிழைக்கிறது. ஒரே சுற்றுக்கான கணக்கு என்றால் இதை விட்டுவிடலாம். தொடர்ந்து பல சுற்று ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வெப்ப வரம்பு ஒன்று வைக்காமல் முடியாது.

பழைய டயர்:

இதே தாளை மற்ற கார்களுக்கும் பயன்படுத்துவீர்கள் என்று நினைத்து ஒரு வார்த்தை. மெக்லாரன் பி1-ஐப் போட்டால் பிரேக் வரவைச் சுழியமாக்குங்கள். பிரேக் பெடலின் உணர்வு கெடக்கூடாது என்று அந்த வழியையே அவர்கள் எடுக்கவில்லை. அதன் 4.7 கிலோவாட் மணி பேட்டரியை ஓட்டத்தில் நிரப்புவது எஞ்சின் மட்டும்தான். 375 கார்கள்தான் செய்தார்கள், அத்தனையும் இப்படித்தான். மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஒன் என்றால் மூன்றாவது வரவு ஒன்று சேரும். ஃபார்முலா 1 காரின் 1.6 லிட்டர் வி6 எஞ்சினை வைத்திருப்பதால், டர்போவோடு இணைந்த மோட்டார் புகையின் வேகத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும்.

ஃபார்முலா 1-இல் 2014 முதல் 2025 வரை இருந்த விதியைப் பார்த்தால் உங்கள் 117 வினாடி கொஞ்சமும் மோசமில்லை என்று தெரியும். சேமிப்பிலிருந்து 120 கிலோவாட் மோட்டாருக்கு ஒரு சுற்றில் 4 மெகாஜூல்தான் எடுக்கலாம். முழு சக்தியில் 33 வினாடிக்குத்தான் காணும். அதை வைத்துத்தான் அத்தனை பந்தயமும் நடந்தது. இந்த வகைக் கார்களில் பேட்டரி சின்னத் தொட்டி, குழாய் மட்டும் பெரிது. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதைவிட, எந்த இடத்தில் திறக்கிறோம், எந்த இடத்தில் நிரப்புகிறோம் என்று எழுதினால் கணக்கு தானாக உட்காரும்.

நேர்கோடு:

எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். பகுதி மிதியில் எஞ்சின் வரவு, 115 கிலோமீட்டருக்குக் கீழே பிடிப்பு வரம்பு, அதிவேகத்தில் முன்மோட்டார் விடுப்பு, மொத்தத்துக்கு 652 மேல்வரம்பு. ரேஸ் முறையில் சுற்றின் முடிவில் இருப்பு தொடக்கத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது. ஹாட் லேப் போட்டால் கடைசி நேர்ப்பகுதி வரை தாங்கிவிட்டுக் காலியாகிறது. சுற்று நேரம் இரண்டுக்கும் இடையே மாறுவது நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இது சரிதானா?

எட்டு சிலிண்டர்:

சரிதான். 250-இல் ஓடும்போது 210 கிலோவாட் தரும் கூடுதல் வேக ஏற்றம் 0.18 ஜி மட்டுமே, காற்று எதிர்ப்பு வேறு இழுக்கும். கூடுதல் இருப்பைக் கடைசி நேர்ப்பகுதியில் கொட்டினால் நேரம் அதிகம் மிச்சமாகாது. அதே ஆற்றலை 120 முதல் 180 வரையுள்ள இடங்களுக்கு நகர்த்திப் பாருங்கள். ஏறும் சரிவுள்ள பகுதிகளிலிருந்து தொடங்குங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.