என்காண்டோ, மோனா 2, கேபாப் டீமன் ஹன்டர்ஸ்: எதில் பாட்டு கதையை நகர்த்துகிறது?

கேள்வி: பாட்டை வெட்டிவிட்டால் கதையே புரியாமல் போவது இந்த மூன்று அனிமேஷன் படங்களில் எது?

பதில் 1: என்காண்டோ (2021). லின்-மனுவேல் மிராண்டா எழுதிய ‘வீ டோன்ட் டாக் அபவுட் புரூனோ’ பாட்டு, குடும்பத்திலிருந்து காணாமல் போன மாமா புரூனோவைப் பற்றியது. அதில் ஆளுக்கொரு மெட்டு, கடைசியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். அடியில் ஓடும் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசை பொதுவாக இருப்பதால்தான் அவை முட்டிக்கொள்வதில்லை. ஹெட்போனில், எதையும் கேட்கும் கூர்காது கொண்ட டோலோரஸின் கிசுகிசுப்பை மட்டும் பிடியுங்கள். புரூனோ முணுமுணுப்பது தனக்குக் கேட்கிறது என்கிறாள். அவன் எங்கே என்பதற்கான துப்பே அதுதான்! முதல் தடவை யார் காதிலும் விழாது.

பதில் 2: கேபாப் டீமன் ஹன்டர்ஸின் ‘கோல்டன்’ பாட்டு (2025) அதற்குச் சளைத்ததல்ல. இனி ஒளிய மாட்டேன் என்று பாடும் நாயகி ரூமி அப்போதும் ரகசியத்தை மறைக்கிறாள். பாட்டின் உச்ச ஸ்வரத்தில்தான் அவள் குரல் உடைகிறது. பாட்டும் கதையும் ஒரே இடத்தில் முறிகின்றன.

பதில் 3: அதைப் பாடிப் பார்ப்பவர்களுக்கு: உச்ச ஸ்வரம் ஏ5 (A5, மிக உயர்ந்த சுரம்). தொண்டையை இறுக்கி நெஞ்சுக் குரலிலேயே (பேசும்போது வரும் கனத்த குரல்) இழுத்தால் பிசிறும். கரோக்கியில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்குங்கள், உச்சம் எஃப் ஷார்ப்பில் (F#) நிற்கும்.

பதில் 1: மோனா 2-ஐ (2024) விட்டுவிட்டோமே. பாடல்கள் அபிகைல் பார்லோ, எமிலி பேர். ‘பியாண்ட்’ நல்ல மெட்டு, ஆனால் முதல் படத்தின் கடல் ஏக்கத்தையே மறுபடி சொல்கிறது.