லோ-ஈ பூச்சு சன்னல் கண்ணாடியின் எந்த முகத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தவறிய அனுபவம்

ஆற்றல் சேமிக்கும் சன்னல்கள் பற்றி உறுப்பினர்கள் தத்தம் அனுபவங்களை எழுதி வருவதால், நான் வடிவமைப்பில் பங்கேற்ற ஓர் அலுவலகக் கட்டடத்தில் நேர்ந்ததைப் பதிவு செய்கிறேன்.

வெயில் கடுமையான பகுதியில், மேற்கு நோக்கித் தரை முதல் கூரை வரை சன்னல்கள் அமைக்க வேண்டியிருந்தது. மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் மேலே நீட்டும் சன்ஷேடு அங்கே உதவாது. ஆகவே 6 மி.மீ. கண்ணாடிகள் இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளியில் ஆர்கான் வாயு, வெயில் வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு (வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் மிக மெல்லிய உலோகப் படலம்) என்று முடிவு செய்தோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மீது விழும் சூரிய வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளே விடும். நாங்கள் தேர்ந்தெடுத்தது 30 விழுக்காட்டுக்குக் குறைவாகவே விடும் என்று கணக்கிட்டிருந்தோம்.

குடியேறிய சில வாரங்களில், சன்னலோரம் அமர்பவர்கள் பிற்பகலில் புழுங்குவதாகச் சொன்னார்கள். ஏ.சி.யைச் சோதித்தவர்கள் அதில் குறையில்லை என்றார்கள். நான்கு மணிக்கு நேரில் சென்று உட்புறக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். உடம்புச் சூட்டைவிட நன்றாகவே சூடாக இருந்தது. வெளிக்கண்ணாடி சுடலாம், உட்கண்ணாடி அப்படிச் சுடக் கூடாது.

இருட்டிய பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன் ஒரு லைட்டரைப் பற்றவைத்தேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நான்கு முகங்கள் என்பதால் நான்கு சுடர்கள் தெரியும். பூச்சுள்ள முகத்தில் தெரியும் சுடர் மட்டும் நிறம் மாறியிருக்கும். வெளியிலிருந்து எண்ணினால் பூச்சு இரண்டாம் முகத்தில், அதாவது உள்ளே நின்ற எனக்கு மூன்றாவது சுடரில் தெரிந்திருக்க வேண்டும். ஊதா படர்ந்து நின்றதோ எனக்கு அருகிலிருந்து இரண்டாவது சுடர். கண்ணாடிகளை உள்வெளி மாற்றிப் பொருத்தியிருந்தார்கள்.

பூச்சிலுள்ள வெள்ளிப் படலம் ஏறக்குறைய பத்து நானோமீட்டர் தடிமனே உள்ளது. அது வெயிலின் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினாலும் ஒரு பகுதியை உறிஞ்சவும் செய்கிறது. அந்தச் சூடு வெளிக்கண்ணாடியில் தங்கினால் வெளிக்காற்றோடு போய்விடும். உட்கண்ணாடியில் தங்கினால் அறைக்குள்தான் இறங்கும், அதுவும் வெளிப்பக்கம் கதிர்வீசவிடாமல் பூச்சே தடுத்து நிற்கும். குளிர்ப் பகுதியில் வெயிலின் வெப்பம் தேவை என்பதால் பூச்சை மூன்றாம் முகத்தில் வைப்பதுண்டு. யூ-மதிப்பு (உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் சன்னல் வழியே வெப்பம் கடக்கும் அளவு; குறைந்தால் நல்லது) இரு நிலையிலும் மாறாது என்பதால், அந்த எண்ணை மட்டும் சரிபார்த்திருந்தால் இந்தத் தவறு ஒருநாளும் பிடிபட்டிருக்காது.

பொருத்துவதற்கு முன் தூசி துடைத்தபோது பக்கத்தைக் குறிக்கும் ஸ்டிக்கர்கள் உரிந்துபோயின என்று பின்னர் அறிந்தேன். ஆனால் என் வரைபடத்திலும் 'லோ-ஈ இரட்டைக் கண்ணாடி' என்றுதான் இருந்ததே தவிர, எந்த முகம் என்று நான் எழுதவில்லை. இரு கண்ணாடிகளும் ஒரே தடிமன் என்பதால் கழற்றித் திருப்பிப் பொருத்த முடிந்தது. இப்போது முக எண்ணை வரைபடத்திலேயே எழுதுகிறேன். முதல் சன்னல் நின்ற அன்றே லைட்டரோடு போய்விடுகிறேன்.

மறுமொழி:

தங்கள் பதிவுக்கு நன்றி. எனக்கு நேர்ந்தது குளிர்ப் பகுதியில். கண்ணாடியின் யூ-மதிப்பு 1.1 என்பதை மட்டும் பார்த்து மகிழ்ந்து, இடையே வெப்பத்தடை இல்லாத அலுமினிய ஃப்ரேமை ஏற்றுக்கொண்டேன். முதல் குளிர்காலத்திலேயே, கண்ணாடியின் நடுப்பகுதி காய்ந்திருக்க, ஃப்ரேமின் கீழ் மூலைகளில் மட்டும் காலைதோறும் நீர் திரண்டு நின்றது. அறை 20 டிகிரியிலும் ஈரப்பதம் 50 விழுக்காட்டிலும் இருந்தால், ஏறத்தாழ 9 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். அலுமினியம் வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. வெப்பத்தடையாக ஃப்ரேமின் நடுவே வைக்கும் பாலிஅமைடு என்னும் பிளாஸ்டிக் பட்டையோ அலுமினியத்தைவிட ஐந்நூறு மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அத்தகைய ஃப்ரேமுக்கு மாற்றிய பிறகு மூலைகள் காய்ந்தே இருக்கின்றன. விலை கேட்கும்போதே ஃப்ரேமையும் சேர்த்த முழுச் சன்னலின் யூ-மதிப்பை எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்.