சீனாவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: டிக்கட் போடமுதல் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள்

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் சீனாவின் சென்சென் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். "அண்ணா, 2025 ஒக்டோபரில எட்டு நாள் லீவாம், ஊருக்கு வந்து போகலாம்தானே?" என்று கேட்டார். வரலாம். ஆனால் அந்த எட்டு நாளும் யாருடைய நாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஒக்டோபர் 1 முதல் 8 வரை லீவு. இதில் அரசாங்கம் உண்மையில் தருவது நாலே நாள்தான்: தேசிய தினத்துக்கு மூன்று, நிலா விழாவுக்கு ஒன்று. இடையில் வரும் சனி, ஞாயிறு எப்படியும் உங்களுடையது. மிச்ச இரண்டும் கடன். செப்டெம்பர் 28 ஞாயிறும் ஒக்டோபர் 11 சனியும் வேலைக்குப் போய் அடைக்க வேண்டும். 'தியாவ்ஷியூ' என்பார்கள். நம்மூர் இலங்கையில் போயா, அதாவது பௌர்ணமி லீவு, சனிக்கிழமையில் விழுந்தால் ஒரு லீவு போச்சே என்று புலம்புவோம், அவ்வளவுதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை அரசாங்கக் கச்சேரியைத் திறந்துவைத்து யாரும் உட்காருவதில்லை.

2024 செப்டெம்பர், ஒக்டோபர் இன்னும் மோசம். ஆறு நாள் வேலை மூன்று நாள் லீவு, மூன்று வேலை இரண்டு லீவு, ஐந்து வேலை ஒரு லீவு, இரண்டு வேலை ஏழு லீவு, திரும்ப ஐந்து வேலை ஒரு லீவு. சீனர்களே இதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லித் திட்டினார்கள். போனில் அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். "லீவா வேலையா மனே, அதை மட்டும் சொல்லு" என்றா.

என் கதை அதே வருடம் பெப்ரவரியில். வசந்த விழா (சீனப் புத்தாண்டு) லீவு 10 முதல் 17 வரை. 17 சனி, அப்போ திங்கள்தானே வேலை என்று நானாக முடிவுகட்டி, ஞாயிறு இரவு கொழும்பிலிருந்து திரும்ப டிக்கட் போட்டிருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணி, கல்லடி வீட்டில் பிட்டும் மீன் குழம்பும், பக்கத்தில் கட்டிவைத்த பெட்டி. ஒபிஸிலிருந்து வீசாட் செயலியில் அழைப்பு. "எங்கே இருக்கிறாய்?" அங்கே ஒன்பதரை, எல்லோரும் மேசையில். 18 ஞாயிறு வேலைநாளாம்! ஒரு நாள் சம்பளம் வெட்டினார்கள், அதைவிட அந்தப் பிட்டு இறங்காமல் போனதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அடுத்த வருடத்து லீவுப் பட்டியல் முந்தின வருடக் கடைசியிலேயே வந்துவிடும். அது வரும்வரை டிக்கட்டில் கை வைக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுபோன போனில் திங்கள் முதல் வெள்ளி என்று வைத்த அலாரம் இந்த ஞாயிறுகளில் அடிக்காது. சியோமி, ஹுவாவே போன்களில் சட்டப்படியான வேலைநாளுக்கு மட்டும் அடிக்கிற மாதிரி வைக்கலாம், அதை வையுங்கள். அப்புறம் சம்பளம்: சட்டம் தரும் அந்த நாலு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் மூன்று மடங்கு கேட்க உரிமை உண்டு. கடன் அடைக்கிற ஞாயிறுக்கு ஒரு சதமும் கூட வராது, அது சாதாரண வேலைநாள்.

2025 தீபாவளி ஒக்டோபர் 20, திங்கள். எட்டு நாள் லீவு முடிந்து பன்னிரண்டாம் நாள், அன்றைக்கு ஒபிஸ். மட்டக்களப்பு மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் திருக்கோவில் ஊர்த் தீர்த்தத்துக்கும் வர வேண்டுமென்றால் சொந்த லீவில்தான். அது சேவை ஒரு வருடம் முடிந்த பிறகுதான், பத்து வருடம் ஆகும்வரை வருடத்துக்கு ஐந்து நாள். என் ஐந்தையும் நான் ஆடிக்குத்தான் ஒதுக்கி வைக்கிறேன், முதலாளி முகம் சுளித்தாலும்.

தம்பி, செப்டெம்பர் 30ஆம் தேதி வேலை முடிந்து இரவே கிளம்புங்கள். 28 ஞாயிறு இருக்கிறது, அதற்கு முன் புறப்பட நினைக்காதீர்கள். திரும்புகிற டிக்கட்டை ஒக்டோபர் 7ஆம் தேதிக்குப் போடுங்கள். 9ஆம் தேதி காலை மேசையில் இருக்க வேண்டும், 11 சனியும்தான்.