கார்டினல் டெட்ரா: ஆற்றில் பிடித்ததை வாங்குவதா, பண்ணையில் பிறந்ததை வாங்குவதா?

சிறுவாணிவாசி:

வணக்கம். கோவையில் வசிக்கிறேன். செடிகள் வளரும் 200 லிட்டர் மீன்தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். தற்போது அதில் சில கோரிடோரஸ் மீன்களும் பாசி தின்னும் ஓட்டோசின்கிளஸ் மீன்களும் மட்டுமே உள்ளன. நடுமட்டத்தில் கூட்டமாக நீந்துவதற்கு கார்டினல் டெட்ரா என்ற சிறு வண்ணமீன் இருபத்தைந்து வாங்க எண்ணியுள்ளேன். விசாரித்த கடைகளில் ஒன்றில், இந்தோனேசியப் பண்ணையில் பிறந்த குஞ்சுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். மற்றொன்றில், பிரேசில் நாட்டு ஆற்றில் பிடிக்கப்பட்டவை என்று கூறி ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்கிறார்கள். ஆற்றுமீனுக்கே நிறமும் உறுதியும் அதிகம் என்பது அந்தக் கடைக்காரரின் வாதம். ஆனால் காட்டில் திரியும் உயிரைப் பிடித்து வந்து கண்ணாடிக்குள் அடைப்பது முறையா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 100-ஐத் தாண்டிக் காட்டியதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொளத்தூர் தொட்டிக்காரர்:

வணக்கம் தம்பி. வண்ணமீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பண்ணைமீனையே வாங்குங்கள். கொள்கைக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கைக்கு வந்த பிறகு மீன் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கார்டினலின் தாயகமான ரியோ நீக்ரோ ஆற்றின் கிளை ஓடைகளில் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 4 முதல் 5 வரை இருக்கும். கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அந்த நீரில் பிறந்து வளர்ந்த மீனைப் பிடித்து, படகிலும் விமானத்திலும் ஏற்றி, இடையில் இரண்டு மூன்று வியாபாரிகளின் தொட்டிகளில் இறக்கி ஏற்றி, கடைசியில் எங்கள் சென்னை போர் தண்ணீரில் விட்டால் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். வந்து இறங்கும் ஆற்றுமீனின் வயிறு பெரும்பாலும் ஒட்டிப்போயிருக்கும். உருண்டைத் தீவனத்தை உணவு என்றே அது அறியாது. ஆர்ட்டீமியா குஞ்சு, டாப்னியா, கொசுப்புழு என்று அசையும் இரையைக் கொடுத்துத்தான் பழக்க வேண்டியிருக்கும். (எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவைக் கொடுத்துவிடாதீர்கள்.) பண்ணைக் குஞ்சுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அது முதல் நாளே தூள் தீவனம் தின்னும், ஓரளவு கடினமான நீரையும் தாங்கும்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். ஆற்றுமீனில் செவுள் புழுவும் குடற்புழுவும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பண்ணைமீன் நோயற்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறிய இடத்தில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும்போது நோய் பரவுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. குள்ள கௌராமி நம் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் மீன். ஆனால் தென்கிழக்காசியப் பண்ணைகளில் பெருக்கப்பட்ட அதே மீனோடுதான் இரிடோ வைரஸ் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. ஆகவே எதை வாங்கினாலும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி வைத்துக்கொண்டு மறுபக்கத்தால் மூச்சு விடுகிறதா, மரக்கட்டையில் உடலை உரசுகிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா என்பவற்றை விளக்கைப் போட்டுப் பொறுமையாகக் கவனியுங்கள். புழு உறுதியானால், ஆடுகளுக்குக் கொடுக்கும் லெவமிசோல் மருந்தே உருண்டைப் புழுக்களுக்குப் போதும். செவுள் புழுவுக்குப் பிராசிக்வாண்டல் வேண்டும்.

கருநீர்:

தொட்டிக்காரர் ஐயா சொன்ன நோய்க் குறிப்புகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிறுவாணிவாசியின் தயக்கத்துக்கு அவர் பதில் சொல்லவில்லை; அந்தத் தயக்கமே இந்த மீனின் விஷயத்தில் தலைகீழானது என்று நான் நினைக்கிறேன்.

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில், மனாவுஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மேலே, ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்ற ஊர் இருக்கிறது. கார்டினல் மீனே பல பத்தாண்டுகளாக அவ்வூரின் முதன்மை வருமானமாக இருந்துவந்தது. கைவலையையும் சிறு பொறிகளையும் கொண்டு அதைப் பிடிக்கும் மீனவர்களைப் பியாபெய்ரோ என்று அழைக்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே வண்ணமீன் திருவிழா நடக்கிறது. ஊரே கார்டினல் அணி, டிஸ்கஸ் (மற்றொரு வண்ணமீன்) அணி என்று இரண்டாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டியிடுகிறது. இப்படி மீனை எடுத்தால் ஆற்றில் மீனே அற்றுப்போகாதா என்று கேட்கலாம். வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் காட்டுக்குள் பரவி நிற்கும்போது இந்த மீன்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன. நீர் வடியும்போது குட்டைகளில் சிக்கிக்கொண்டு அவற்றில் பெரும்பகுதி எப்படியும் மடிகின்றன. இயற்கையில் ஓராண்டு, ஈராண்டுக்கு மேல் வாழ்பவை சொற்பமே. அதே மீன் நல்ல தொட்டியில் ஐந்தாண்டு வரை வாழும்.

1989-இல் தொடங்கிய பியாபா திட்டம் என்ற ஆய்வு முயற்சி இதைத்தான் விடாமல் சொல்லி வருகிறது. காட்டை வெட்டாமல், தங்கம் தோண்டாமல், மாட்டுப்பண்ணை போடாமல் அம்மக்கள் பிழைப்பதற்கு மீன் ஒரு வழியாக இருக்கிறது. காடு நின்றால்தான் மீன் கிடைக்கும் என்பதால் காட்டைக் காப்பதில் அவர்களுக்கே அக்கறையும் உண்டு. செக் நாட்டிலும் தென்கிழக்காசியாவிலும் கார்டினலைப் பெருக்கக் கற்றுக்கொண்ட பிறகு பார்செலோஸ் மீனுக்குத் தேவை குறைந்தது. பண்ணைமீனை வாங்குவதால் காட்டைக் காத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் காட்டோடு வாழ்பவரின் கூலியைத்தான் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டிருக்கிறோம்.

மேலும், சிறுவாணி போன்ற மென்னீர் வீட்டுக்கு வருகிற ஒருவர் தண்ணீருக்காக அஞ்சத் தேவையில்லை. நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலைகளைத் தொட்டியில் போட்டால் நீர் தேநீர் நிறத்துக்கு வரும், பி.எச். மெல்ல இறங்கும். 6-க்குக் கீழே போனால் வடிகட்டியில் உள்ள பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தீவனத்தைக் குறைத்துப் போடுங்கள். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஏற்கெனவே உங்கள் தொட்டியில் இருக்கும் ஓட்டோசின்கிளஸ் மீன்கள் அநேகமாக ஆற்றில் பிடிக்கப்பட்டவையே. சந்தைக்கு வரும் அந்த இனத்தில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன.

சிறுவாணிவாசி:

இருவருக்கும் நன்றி. ஓட்டோசின்கிளஸ் பற்றிய செய்தி எனக்குப் புதியது. கருநீர் அவர்களின் வாதம் மனத்துக்கு நியாயமாகப் படுகிறது. அப்படியானால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களுக்கும் அது பொருந்தும் அல்லவா? கேரளத்திலிருந்து மிஸ் கேரளா மீன்களை ஆற்றிலிருந்தே கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

வாளையார்:

பொருந்தாது. அதை வாங்க வேண்டாம்.

கருநீர் சொன்னது கார்டினலுக்குச் சரி. அதற்குக் காரணம் அந்த ஆறும் அந்த மீனின் வாழ்க்கைமுறையும். மிஸ் கேரளா என்று கடைகளில் விற்கப்படும் மீனை மலையாளத்தில் செங்கணியான் என்பார்கள். 1865-இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே விவரித்த இந்த மீன், கேரளத்திலும் அதை ஒட்டிய கர்நாடகத்திலும் உள்ள சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி போன்ற சில ஆறுகளின் மேற்பகுதிகளில் மட்டுமே வாழ்கிறது. அவையெல்லாம் அமேசான் போலக் காட்டுக்குள் மைல்கணக்கில் பரவும் ஆறுகள் அல்ல. பாறைகளுக்கு நடுவே ஓடும் குறுகிய ஓடைகள். கோடையில் நீர் வற்றி, மீன்கள் சில மடுக்களில் திரளும்போது ஒரே இடத்தில் வலையிட்டால் அந்த மடுவின் இனப்பெருக்கக் கூட்டம் முழுவதையும் அள்ளிவிடலாம். 1997-இல் சிங்கப்பூர் அக்வாராமா வண்ணமீன் கண்காட்சியில் பரிசு பெற்ற பிறகு உலகச் சந்தை இதன்மேல் விழுந்தது, அள்ளவும் செய்தார்கள். அணைகளும் மணல் அள்ளுதலும் தோட்டப் பூச்சிமருந்தும் ஏற்கெனவே ஆற்றைக் கெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது. இன்று இது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் அட்டவணைக்குள் வந்துவிட்டது. ஆற்றிலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்பவர் உங்களையும் வழக்கில் மாட்டிவைக்கக் கூடும்.

பார்செலோஸ் மக்களின் பிழைப்பைக் காட்டிச் சொல்லப்படும் நியாயத்தை இங்கே விற்பவர்களும் சொல்வார்கள். ஆனால் அங்கே ஆண்டுதோறும் வெள்ளம் வந்து இழந்ததை நிரப்புகிறது. இங்கே ஒரு மடு காலியானால் பக்கத்து ஆற்றிலிருந்து மீன் வந்து சேர வழியே கிடையாது. சாலக்குடி ஆற்றில் இருப்பது உருவத்தில் ஒத்த வேறொரு இனம். இந்த மீனைப் பொறுத்தவரை, ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டறிந்தவர்களால்தான் ஆற்றின்மேல் இருந்த சுமை குறைந்தது.

கொளத்தூர் தொட்டிக்காரர்:

வாளையார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கார்டினல் விஷயத்தில் கருநீரின் வாதத்தையும் மறுக்கவில்லை. தம்பியின் தண்ணீருக்கு ஆற்றுமீன் தாங்கும். ஆனால் அந்தக் கடைக்காரர் விற்பது உண்மையிலேயே ஆற்றுமீன்தானா என்பதை முதலில் பாருங்கள். உலகச் சந்தையில் காட்டுக் கார்டினல் நெடுங்காலம் மலிவாகவே விற்கப்பட்ட மீன். இங்கே கேட்கப்படும் இரு மடங்கு விலை பார்செலோஸுக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த இறக்குமதியாளரிடமிருந்து, எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். அங்கே மீன் பிடிப்பதற்கும் பருவம் உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே அளவில், சுண்டுவிரல் நகத்தளவுக் குஞ்சாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது பண்ணையில் பிறந்ததுதான்.

பதில் திருப்தியாக இருந்தால், கடையில் அவை தீவனம் தின்பதை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நெடும்பயணம் வந்த பையாக இருந்தால் அதைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பையைத் திறந்ததும் உள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை தீங்கின்றிக் கிடந்த அம்மோனியா விஷமாகும். வெப்பநிலை சமமாகும்வரை மூடிய பையைத் தனித்தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு வலையால் எடுத்து மீனை மட்டும் விடுங்கள். பைநீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.