பாஸ்டுன்னு வந்தாலும் 197ஐ பாருங்க: ஹார்ட் டிஸ்க் அனுபவங்கள்

செங்கோட்டை, வீடியோ தொழில்

புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் கல்யாண ஆர்டர் எடுக்குறோம், எல்லாம் கடை கம்ப்யூட்டர்லதான் கிடக்கும், லினக்ஸ். போன சீசன்ல ஒரு போல்டரை காப்பி பண்ணும்போது ஒரே ஃபைல்ல நின்னு நின்னு போச்சு. டிஸ்க் தன்னோட உடம்பு நிலைய தானே குறிச்சு வைக்குற கணக்குக்கு ஸ்மார்ட்னு பேரு, அத படிக்குற கமாண்டு ஸ்மார்ட்சிடிஎல். டெர்மினல்ல அது கூட மைனஸ் பெரிய ஹெச் போட்டா 'பாஸ்டு'ன்னு (தேறிட்டுன்னு) வருது. தம்பி, நல்லாத்தானண்ணே இருக்குன்னான். எனக்கு மனசு கேக்கல, மைனஸ் சின்ன ஏ போட்டு முழு டேபிளையும் எடுத்தேன். 197ங்கிற நம்பர் போட்ட வரி, கரண்ட் பெண்டிங் செக்டார் (செக்டார்னா டிஸ்க்குல டேட்டா இருக்குற சின்ன துண்டு), அதோட கடைசி கட்டத்துல ரா வேல்யூ, அதாவது நேரடி எண்ணிக்கை, 24. அந்த 24 செக்டாரை டிஸ்க்கால ஒழுங்கா படிக்க முடியலன்னு அர்த்தம். 5ஆம் நம்பர் வரி, ரீஅலொகேட்டட், அதாவது கெட்டுப்போய் மாத்து இடம் குடுத்த செக்டார் கணக்கு, அதுவும் பூஜ்யம் இல்ல.

பாஸ்டுங்கிறது கம்பெனிக்காரன் வச்ச த்ரெஷோல்டுக்கு (எல்லைக் கோட்டுக்கு) டேபிள்ல இருக்குற மார்க்கு இன்னும் இறங்கலைங்கிறதுக்கு மட்டும்தான், அத நம்பி யாரும் உக்காந்துராதீங்க. 5, 187, 197, 198 (187ம் 198ம் சரிபண்ண முடியாத எரர் கணக்கு) இந்த நாலு வரியோட ரா வேல்யூ ஏறுதான்னு பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணும் அழுத்தி சொல்லுதேன், பெண்டிங் பாத்த உடனே, டிஸ்க் தன்னத்தானே சோதிக்குற லாங் டெஸ்ட்ட போடாதீங்க. அது டிஸ்க்க முழுசா ஒருதடவ படிக்கும், பல மணி நேரம் ஓடும், சாகக் கிடக்குற டிஸ்க்குக்கு அது ஆகாது. விண்டோஸ்ல டிஸ்க்க சரிபாக்குற செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் கமாண்டு போடுறதும் வேண்டாம், அது அந்த டிஸ்க்குலயே எழுதும். மொதல்ல காப்பி. நான் கெட்ட டிஸ்க்குலருந்து டேட்டாவ மீட்குற டிடிரெஸ்க்யூ போட்டேன், அது நல்லா இருக்குற இடத்த மொதல்ல அள்ளிட்டு மோசமான இடத்துக்கு பெறகுதான் போகும், எதுவரைக்கும் எடுத்தாச்சுன்னு குறிச்சு வைக்குற மேப் ஃபைல் குடுத்து வச்சா நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துலருந்து தொடரும். ஒண்ணு ரெண்டு கிளிப்புல கொஞ்சம் ஃபிரேம் போச்சு, மத்ததெல்லாம் வந்துட்டு. தாலி கட்டுற நேரத்த திரும்ப எடுக்க முடியுமா சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை, கம்ப்யூட்டர் சர்வீஸ்

அண்ணா சொன்னது சரிங்க. ஆனா 199வது வரிய பார்த்து பயந்து நல்ல டிஸ்க்க தூக்கிப் போடறவங்களும் இருக்காங்க, பாலக்காடு பக்கத்துல இருந்து அப்படி நெறைய வருதுங்க. யுடிஎம்ஏ சிஆர்சி எரர், அதாவது டேட்டா போற வழில வர்ற தப்போட கணக்கு, அது பெரும்பாலும் டிஸ்க்க போர்டோட சேர்க்கற சாட்டா கேபிள் கோளாறு, டிஸ்க் பரப்புல ஒண்ணும் இருக்காது. அந்த நம்பர் திரும்ப பூஜ்யமாகாதுங்க, அதனால எழுதி வெச்சுட்டு கேபிள மாத்துங்க, அப்புறம் ஏறலைன்னா முடிஞ்சுது. யுஎஸ்பி பெட்டில போட்ட டிஸ்க்குக்கு ஸ்மார்ட்சிடிஎல் 'அன்நோன் யுஎஸ்பி பிரிட்ஜ்'னு (பெட்டிக்குள்ள இருக்கற சிப் தெரியலைன்னு) சொன்னா கமாண்டுல மைனஸ் டி சாட் சேர்த்துப் பாருங்க, முக்காவாசி பெட்டி பேசிடும்.

நகரி, தறி கணக்கு

எங்களுக்கு நூல் கணக்கு, கூலி கணக்கு எல்லாம் ஒரே மெஷின்ல, அதனால ஸ்மார்ட் கணக்க தானே கவனிக்கற ஸ்மார்ட்-டி புரோகிராம பின்னாடி ஓட விட்டிருக்கேன், தினம் ராத்திரி ஷார்ட் டெஸ்ட், சனிக்கிழம லாங் டெஸ்ட், நம்பர் ஏறினா மெயில் வரும். என்விஎம்இ எஸ்எஸ்டி (புது மாடல் சிப் டிஸ்க்) வெச்சிருக்கவங்களுக்கு இந்த 197 எல்லாம் இருக்காது, அங்க 'பர்சன்டேஜ் யூஸ்டு' (ஆயுள்ல எவ்வளவு தேஞ்சிருக்கு), 'அவெய்லபிள் ஸ்பேர்' (மிச்சமிருக்கற மாத்து இடம்), 'மீடியா எரர்ஸ்' (டேட்டா கெட்ட கணக்கு) இந்த மூணத்தான் பாக்கணும்.

டேபிள் சுத்தமா இருக்குதுன்னு காப்பி எடுக்காம விட்டுடாதீங்க. கூகுள் 2007ல ஒரு லட்சத்துக்கு மேல டிரைவ் வெச்சு பார்த்த ஆராய்ச்சில, செத்துப்போன டிரைவ்ல பாதிக்கு மேல இந்த முக்கியமான எரர் கணக்குல ஒண்ணுகூட ஏறாமலேதான் செத்துருக்கு. நான் ரெண்டு எக்ஸ்டர்னல்ல எடுக்கறேன், ஒண்ணு தறிக்கூடத்துல, இன்னொண்ணு திருத்தணில மாமா வீட்ல.