சாலிட்டர்ல சீட்டு தானா மேலே ஏறாம இருக்க வழி இருக்குதுங்களா?

வணக்கமுங்க. சீட்டுன்னதும் பதறாதீங்க, காசு வச்சு ஆடறதில்லை. மொபைல்ல ஒருத்தரே ஆடற கிளாண்டைக் சாலிட்டர், கட்டுல மிச்சமிருக்கற 24 சீட்டை மும்மூணாப் புரட்டற வகை.

தொல்லை என்னன்னா, விரல் பட்டாலே ஆப் சீட்டை, ஏஸ்ல இருந்து ஒரே சின்னமா அடுக்கற மேல் அடுக்குக்கு அனுப்பிடுது. வரிசைக் கடைசில ஆட்டின் 5 இருக்குதுன்னு வைங்க. அது மேலே போயிட்டா, அப்புறம் புரட்டி வர்ற இஸ்பேட் 4-ஐ வைக்க இன்னொரு சிவப்பு 5-ஆன டைமன் 5 மட்டுந்தான். அதுவும் கவுந்து கிடந்தா ஆட்டம் அங்கயே நின்னுக்கும். பழைய விண்டோஸ் சாலிட்டர்ல 15 புள்ளியக் கழிச்சுக்கிட்டாவது கீழே இறக்க விடும், இதுல அதுவுமில்லை.

செட்டிங்ஸ்ல ஆட்டோ மூவ நிறுத்தியாச்சு. அது கடைசில தானா அடுக்கறதை மட்டுந்தான் நிறுத்துது, தொட்டா ஏறறது அப்படியேதான். போனைப் படுக்க வச்சா சீட்டு அகலமாகி கைத்தவறு குறையுது, அவ்வளவுதான்.

இழுத்து வச்சா மட்டும் நகர்ற ஆப் எதுங்க? திம்பம் மலைப்பாதைல ஏறும்போது சிக்னல் போனாலும் ஓடணும். ஆப் பேரோட, செட்டிங் எங்க இருக்குதுன்னும் சொல்லிப்போடுங்க. ஆண்ட்ராய்டு போனுங்க.