சுங்கை சிப்புட் வளாகத்துக்கு சோலாரும் காற்றாலையும் சேர்த்துப் போடலாமா?

விடுதி வார்டன்:

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வேலை செய்கிறேன். வகுப்பறைக் கட்டடம் இரண்டு, வெல்டிங் பட்டறை, 120 பிள்ளைகள் தங்கும் விடுதி, முன்பு தோட்ட ஆபீஸாக இருந்த நூலகம். மாதம் சுமார் 9,000 யூனிட் ஓடுகிறது. சோலாரும் காற்றாலையும் கலந்து போடலாம் என்று கல்லூரி வாரியம் ஆசைப்படுகிறது. 40 கிலோவாட் சோலார், 5 கிலோவாட் காற்றாலை இரண்டு என ஒரு குத்தகையாளர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ராத்திரி சோலார் இல்லாதபோது காற்றாலை விடுதியைப் பார்த்துக்கொள்ளுமாம். மழை பிடித்தால் எங்களுக்கு அடிக்கடி கரண்ட் போகும், பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குத்தான் முதலில் வழி வேண்டும். அடுத்த வாரியக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளுவாங் வாசி:

தமிழ்நாட்டுக்குப் போனபோது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைதான். அங்கே ஓடுவது இங்கேயும் ஓடும். தைரியமாகப் போடுங்கள்.

மில் சார்ஜ்மேன்:

தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்தவன் நான். நம் பிள்ளைகளுக்கான பணம் வீணாகிவிடக் கூடாது என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

குளுவாங் நண்பர் பார்த்தது உண்மை. ஆனால் முப்பந்தலில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. சுங்கை சிப்புட் அப்படியா? கிழக்கே தித்திவாங்சா மலை, சுற்றிலும் உயர்ந்த செம்பனை. தீபகற்ப மலேசியாவின் உட்பகுதியில் சராசரிக் காற்று விநாடிக்கு 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சின்னக் காற்றாலைகள் பெரும்பாலும் 3 மீட்டர் வேகத்துக்கு மேல்தான் மின்சாரம் கொடுக்கவே ஆரம்பிக்கும்.

காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. 5 மீட்டர் விட்டமுள்ள விசிறியை 2 மீட்டர் காற்றில் வைத்தால் அதன் வழியாகப் போகும் மொத்தச் சக்தியே 90 வாட்டுக்குச் சற்று மேல். அதில் எந்த இயந்திரமும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்ட வரம்பு. அப்படியென்றால் 55 வாட் சொச்சம். ஒரு சீலிங் ஃபேனுக்கே இழுபறி. கொட்டேஷனில் உள்ள 5 கிலோவாட் என்பது விநாடிக்கு 10, 12 மீட்டர் காற்று அடிக்கும்போது வருகிற அளவு. உங்கள் ஊரில் அந்தக் காற்று மத்தியான இடிமழைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அடிக்கும், அவ்வளவுதான்.

ராத்திரி விடுதியைத் தாங்கும் என்கிறாரே, அந்த இடம்தான் எனக்கு மனசே ஆறவில்லை. உள்நாட்டில் பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து காற்று அடங்கிவிடும். உங்களுக்கு எந்த நேரம் தேவையோ, அந்த நேரம் விசிறி நிற்கும்.

பூலாவ் பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் காற்றாலை, சோலார், டீசல் மூன்றையும் சேர்த்துப் போட்டார்கள். அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் வெயில் குறையும்போது தென்சீனக் கடல் காற்று வலுக்கும், அதோடு நிலத்திலிருந்து மின்கம்பி போகாத தீவு. ஒன்று குறையும்போது மற்றது கூட வேண்டும். உங்கள் வளாகத்தில் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

சோலார் பக்கம் வருவோம். நம் நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.5 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 கிலோவாட்டுக்கு 140 யூனிட். நீங்கள் நாளுக்கு 300 செலவழிக்கிறீர்கள். அதில் பகலில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு? இது தெரியாமல் அளவு போட முடியாது. மெயின் போர்டில் ஒரு லாகர் (மின்செலவை நேரவாரியாகப் பதியும் கருவி) மாட்டி, பட்டறை ஓடும் வாரமும் விடுமுறை வாரமும் அதில் பதிவாகட்டும். உபரி சோலார் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் திட்டம் 2025 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. உபரி மின்சாரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுக்கலாம் என்று கணக்குப் போடாமல், பகலில் நீங்களே தீர்க்கும் அளவுக்குப் போடுங்கள்.

கூரை எந்தத் திசை என்று ரொம்பக் கவலை வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், கிழக்கு மேற்கு இரண்டும் ஏற்கும். சரிவு மட்டும் 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால் மழையே பேனலைக் கழுவிவிடும். பழைய தோட்டக் கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் துளை போட யாரையும் ஏற்றிவிடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

விடுதி வார்டன்:

அண்ணே, நூலகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ்தான். அதை விட்டுவிடுகிறோம். சோலார் போட்டால் கரண்ட் போகும்போது விடுதியில் விளக்கு எரியும்தானே?

மில் சார்ஜ்மேன்:

எரியாது தம்பி. பலருக்கு இது தெரிவதில்லை. சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), டிஎன்பி (மின் நிறுவனம்) கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும், நல்ல வெயிலில்கூட. கம்பியில் வேலை செய்கிறவரைக் காப்பாற்ற அந்த ஏற்பாடு. உங்களுக்கு, கரண்ட் போனாலும் பேட்டரியிலிருந்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்த இரண்டு காற்றாலைக்கான பணத்தை இங்கே திருப்புங்கள்.

விடுதிக்கு மட்டும் தனி போர்டு பிரியுங்கள். ஃபேன் 40 என்றால் 2.6 கிலோவாட், எல்இடி விளக்கு, வைஃபை எல்லாம் சேர்த்து 3.5. ஐந்து மணி நேரத்துக்கு 17.5 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுப்பதாக வைத்தால் 22 வரும், 25-ஆக வாங்குங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ் பிளக்குகள் அந்த போர்டில் வேண்டாம். வெல்டிங் மெஷினை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். பேட்டரியைப் பிள்ளைகள் தூங்கும் கட்டடத்துக்குள் வைக்காமல் காற்றோட்டமான தனி அறையில் வையுங்கள்.

இடி மின்னல் அதிகம் விழும் நாடு இது. பேனல் பக்கம், டிஎன்பி பக்கம் இரண்டிலும் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் அதிர்வைத் தடுக்கும் கருவி) இருக்கிறதா என்று கொட்டேஷனில் தேடிப் பாருங்கள். எர்த் (நில இணைப்பு) மின்தடை 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வாரியம் காற்றாலையை விடமாட்டோம் என்றால், 10 மீட்டர் கம்பத்தில் காற்றுவேகமானி ஒன்றை ஒரு வருடம் வையுங்கள். பயிற்சி மாணவர்களே பதியட்டும், அவர்களுக்கும் பாடம். லாகர் பதிவு கிடைத்ததும் இங்கே போடுங்கள். பேனல் அளவைச் சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.